வரி போட்ட துணியும் துணிக்குப் போட்ட வரியும்

1719-ஆம் வருஷம், ஜூன் மாதம், லண்டன் மாநகரம். பூப்போட்ட சீட்டி கவுன் போட்டுக்கொண்டு வீட்டை விட்டு வெளியே வந்த பெண்களுக்கு அன்று நேரம் சரியில்லை. ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் பேட்டையிலிருந்து நெசவாளர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பியிருந்தார்கள். எதிர்ப்பட்ட சீட்டித் துணியையெல்லாம், உள்ளே ஆள் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் கிழித்தார்கள். கிழிக்க நேரமில்லாதவர்கள் மை ஊற்றினார்கள். கோபம் தலைக்கேறியவர்கள் திராவகம் வீசினார்கள். ஒரே ஒரு துச்சாதனன் என்றால் அது மகாபாரதம். ஊரே துச்சாதனனாகக் கிளம்பினால் அதற்குப் பெயர் உள்நாட்டுத் தொழில் பாதுகாப்பு.

அந்த கவுன்கள் செய்த ஒரே குற்றம், சோழமண்டலக் கரையில் பிறந்ததுதான். மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம் என்று நம் கடலோரமெங்கும் நெய்து கப்பலேற்றிய பருத்தித் துணி அது. துவைத்தால் சாயம் போகாது, உடம்பை உறுத்தாது. விலையும் கைக்கு அடக்கம். இங்கிலாந்துக்காரன் அதுவரை கண்டதெல்லாம் கம்பளி. குளிருக்குக் கம்பளி, வெயிலுக்கும் கம்பளி, கல்யாணத்துக்குக் கம்பளி. செத்த பிறகும் விடவில்லை. பிணத்தைக் கம்பளியில்தான் சுற்றிப் புதைக்க வேண்டும் என்று 1666-இலும் 1678-இலும் சட்டமே போட்டார்கள். புதைத்து எட்டு நாளைக்குள், 'கம்பளியில்தான் சுற்றினோம்' என்று சத்தியப் பிரமாணம் கொடுக்க வேண்டும். மீறினால் ஐந்து பவுண்டு அபராதம். செத்தவனைக்கூட வாடிக்கையாளராக வைத்துக்கொண்ட ஒரே தொழில் அதுவாகத்தான் இருக்கும்.

இப்படி ஒரு ராஜ்யத்தில் பெண்கள் பருத்தி உடுத்தினால் பொறுப்பார்களா? எழுத்தாளர்களும் பேனாவை எடுத்தார்கள். முன்வரிசையில் நின்றவர் டேனியல் டீஃபோ. 'ராபின்சன் குரூசோ' வெளிவந்ததும் அதே 1719-இல்தான். கதாநாயகனைத் தனித்தீவில் ஆட்டுத்தோலைக் கட்டிக்கொண்டு திரியவிட்டவர், கரையில் இருக்கிற பெண்கள் என்ன உடுத்த வேண்டும் என்று பத்திரிகை நடத்தி உபதேசம் செய்தார்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. அச்சிட்ட, சாயமேற்றிய கீழைநாட்டுத் துணியை உள்நாட்டில் உடுத்துவதற்காக இறக்குமதி செய்யக்கூடாது என்று 1700-இலேயே ஒரு சட்டம் இருந்தது. வியாபாரிகள் வெள்ளைத் துணியாக வாங்கி லண்டனிலேயே அச்சடித்துக்கொண்டார்கள். அதற்காக 1721-இல் இன்னொரு சட்டம் வந்தது. அச்சடித்த பருத்தியை இனி உடுத்தவே கூடாது. அமலுக்கு வந்த நாள் 1722 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் பரிசு! உடுத்தியவருக்கு ஐந்து பவுண்டு அபராதம், அந்தப் பணம் காட்டிக்கொடுத்தவனுக்கு. பக்கத்து வீட்டுக்காரியின் பாவாடையை உற்றுப் பார்ப்பது அதுவரை வெறும் பொறாமையாக இருந்தது. அன்று முதல் அது வருமானமாகிவிட்டது.

இதே காலத்தில் மதராஸில் நடந்த கூத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்தக் கடற்கரையில் துணி மற்ற இடங்களைவிட 20 சதவீதம் மலிவு என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே கணக்குச் சொல்லி, அதை ஒட்டி 1639-இல் பிறந்த ஊர் அது. லண்டனில் உடுத்தினால் அபராதம் என்று ஆகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 1734-இல், அதே கம்பெனி சுங்குராமா என்ற வியாபாரியின் தோட்டத்தில் நெசவாளர்களையும் நூற்பவர்களையும் சாயக்காரர்களையும் குடியேற்றி ஒரு பேட்டையை உருவாக்கியது. இன்றைய சிந்தாதிரிப்பேட்டை அதுதான். சட்டம் தடுத்தது உள்ளூரில் உடுத்துவதைத்தான். லண்டனில் இறக்கி, மறுபடி ஏற்றி, மற்ற நாட்டுக்காரன் தலையில் கட்டுவதை அது தடுக்கவில்லை. ஒழுக்கம் வீட்டுக்கு, லாபம் வெளியூருக்கு!

சரி, எந்தச் சட்டத்துக்கும் ஒரு சந்து இருக்கும். 1721 சட்டத்தில் சில விதிவிலக்குகள் இருந்தன. மஸ்லின் போடலாம், கழுத்துத்துணி கட்டலாம், முழுக்க நீலச் சாயம் தோய்த்தது என்றால் பரவாயில்லை. கூடவே இன்னொரு பெயரும் அந்தப் பட்டியலில் ஒண்டிக்கொண்டிருந்தது: ஃபஸ்டியன். வரி வரியாக மேடு பள்ளம் ஓடும் கார்டுராய் துணிதான் நம் கதாநாயகன்; அதன் தகப்பன் இவன்தான்.

ஃபஸ்டியன் என்பது பாவு லினன், ஊடை பருத்தி என்று நெய்த ஒரு கலப்புத் துணி. முழுப் பருத்தியும் இல்லை, முழு லினனும் இல்லை, கம்பளி சாதிக்கும் சேரவில்லை. பருத்தி நூலைப் பாவாகக் கட்டினால் தறியின் இழுப்புக்கு அறுந்துவிடும் என்று ஐரோப்பிய நெசவாளர்கள் அன்று பயந்தார்கள். அந்தப் பயம் நம்மூர் நெசவாளிக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அவன் விரலில் திரித்த பருத்தி நூல் பாவுக்கும் தாங்கியது.

ஏதோ ஏழை வீட்டுத் துணி என்று ஃபஸ்டியனை இளக்காரமாக நினைத்துவிடக் கூடாது. அதன் பூர்வீகத்தில் ஒரு சக்கரவர்த்தியையே விலைக்கு வாங்கிய கதை இருக்கிறது. 1367-இல் ஹான்ஸ் ஃபுக்கர் என்ற நெசவாளர் கிராமத்தை விட்டு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகருக்குப் பிழைக்க வந்தார். ஃபஸ்டியன் வியாபாரம் கைகொடுத்தது. பேரன் யாக்கோப் ஃபுக்கர் காலத்தில் தாமிரம், வெள்ளி, வட்டிக்கடை என்று குடும்பம் வளர்ந்து, 1519-இல் ஐந்தாம் சார்லஸ் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு வேண்டிய லஞ்சப் பணத்தைத் திரட்டிக் கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டது. மொத்தச் செலவு எட்டரை லட்சம் ஃபுளோரின். அதில் ஐந்தரை லட்சத்துக்குப் பக்கம் ஃபுக்கர் வீட்டுப் பணம். ஓட்டுப் போட வேண்டியவர்கள் ஏழே பேர். ஓட்டுக்கு எவ்வளவு விழுந்தது என்று வகுத்துப் பார்க்கிறவர்களுக்கு நம்மூர் இடைத்தேர்தல்மீது மரியாதையே வந்துவிடும். அசலைத் திருப்ப மன்னர் சுணங்கியபோது, 'நான் இல்லாவிட்டால் உங்களுக்கு மகுடம் கிடைத்திருக்காது' என்ற பொருளில் 1523-இல் ஃபுக்கர் கடிதம் போட்டார். கடன் வசூலில் இதைவிடப் பெரிய தைரியம் வரலாற்றில் அபூர்வம். அவர் 1521-இல் ஏழைகளுக்குக் கட்டிக்கொடுத்த குடியிருப்பு இன்றும் ஆக்ஸ்பர்க்கில் இருக்கிறது. வருஷ வாடகை 88 சென்ட், தினம் மூன்று பிரார்த்தனை. நெய்து சம்பாதித்த குடும்பம் என்பதால் கொஞ்சம் மனசாட்சி ஒட்டிக்கொண்டிருந்தது போலும்.

இங்கிலாந்துக்குத் திரும்புவோம். சட்டம் வந்ததும் மான்செஸ்டர் வட்டாரத்து வியாபாரிகள் ஃபஸ்டியன் மேலேயே பூவும் கொடியும் அச்சடிக்க ஆரம்பித்தார்கள். பார்வைக்குச் சீட்டித் துணியேதான். யாராவது கேட்டால், 'ஐயோ, இதன் பாவு லினன் ஆயிற்றே!' கம்பளிக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. உடுத்தியவர்கள்மீது வழக்குப் போட்டார்கள். கடைசியில் 1736-இல் பாராளுமன்றமே தலையிட்டு, லினன் பாவும் பருத்தி ஊடையுமாக பிரிட்டனில் நெய்தது என்றால் அச்சடித்து உடுத்திக்கொள்ளலாம் என்று தனிச்சட்டம் போட்டது. அதன் பெயரே மான்செஸ்டர் சட்டம்.

நம்முடைய துணியை நாட்டுக்குள் விடாமல் சுவர் எழுப்பியாயிற்று. அந்தச் சுவரின் நிழலில் நம்முடைய துணியைப் போலவே ஒன்றை நெய்யப் பழகிக்கொண்டார்கள். நூற்கும் இயந்திரம் வந்தது. பருத்திப் பாவு அறுந்துவிடும் என்ற பயமும் போயிற்று. உடனே நூற்பு இயந்திர முதலாளி ஆர்க்ரைட்டும் கூட்டாளிகளும் பாராளுமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். 1774-இல், பிரிட்டனில் செய்த முழுப் பருத்தித் துணி உடுத்தத் தகுந்ததுதான் என்று தீர்ப்பாயிற்று. அடையாளத்துக்குத் துணியின் கரையில் மூன்று நீல இழை ஓட வேண்டும். ஐம்பது வருஷமாக நாட்டின் ஒழுக்கத்தையே கெடுத்துக்கொண்டிருந்த பருத்தி, மூன்று நீல இழை ஓடியதும் பத்தினியாகிவிட்டது.

இந்தப் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் கார்டுராய் பிறக்கிறது. பணக்காரன் பட்டு வெல்வெட்டில் உட்கார்ந்திருந்தான். பருத்தியிலேயே அந்த மெத்து மெத்தென்ற பூவைக் கொண்டுவர முடியாதா என்று மான்செஸ்டர் வட்டாரம் மண்டையை உடைத்துக்கொண்டது. வழி கண்டுபிடித்தார்கள். அடித்துணியை நெய்யும்போதே கூடுதலாக ஓர் ஊடையை விட வேண்டும். அது நாலைந்து பாவு இழைகளுக்கு மேல் தளர்வாகத் தாண்டித் தாண்டிப் போய், குறிப்பிட்ட இடங்களில் மட்டும் மாட்டிக்கொள்ளும். மாட்டும் இடங்களெல்லாம் ஒரே நேர்கோட்டில் அமையும்படி நெய்துவிட்டால், துணியின் நீளத்துக்கும் சின்னச் சின்னக் குகைகள் உண்டாகும். குகையின் கூரையைக் கத்தியால் கீறிவிட வேண்டும். அறுந்த நூல் இரண்டு பக்கமும் நிமிர்ந்து நிற்கும். அதைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, நுனியைக் கருக்கிச் சமப்படுத்தி, சாயம் தோய்த்தால் மேடும் பள்ளமுமாக வரி வரியாய்க் கார்டுராய்.

எழுதும்போது சுலபமாக இருக்கிறது. செய்தவன் கதையே வேறு. துணியை ஒரு நீண்ட சட்டத்தில் முரசுத்தோல் விறைப்புக்கு இழுத்துக் கட்டுவார்கள். வெட்டுபவர் கையில் ஒரு மெல்லிய நீளக் கத்தி. அதன் நுனியில் குகைக்குள் நுழைந்து வழிகாட்ட ஓர் உறை. ஒரு முனையில் கத்தியை விட்டு, மறு முனை வரைக்கும் நடந்துகொண்டே கீற வேண்டும். திரும்பி வந்து அடுத்த குகை. ஒரு அங்குல அகலத்துக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு குகை இருக்கும். துணியின் முழு அகலத்துக்கும் எத்தனை நடை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். லிம், வாரிங்டன், ஓல்டாம் பக்கமெல்லாம் சிறுவர்களும் சிறுமிகளும் பெண்களும் இப்படி ஒரு கொட்டகைக்குள்ளேயே தினம் பல மைல் நடந்தார்கள். கொஞ்சம் கை நடுங்கினால் கத்தி அடித்துணியைப் பிளந்துவிடும். அந்த ஓட்டைக்கு முதலாளி கொடுக்கும் மரியாதையைச் சொல்ல வேண்டியதில்லை. காசிக்கு நடந்து போனவனுக்காவது புண்ணியம் உண்டு.

துணி தயாராகிவிட்டது. விற்க ஒரு கதை வேண்டுமே! பிரான்ஸ் தேசத்து ராஜாவின் வேட்டைக்காரர்கள் போட்டுக்கொண்டு திரிந்த துணி இது, அதனால்தான் ராஜாவைக் குறிக்கும் 'ராய்' பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டது என்று ஒரு புராணம் கிளம்பியது. இன்றும் பல கடைகளில் இதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். ராஜாவுக்கு இது தெரியாது. பிரெஞ்சுக்காரர்களுக்கும் தெரியாது. அவர்கள் இதை 'விலா எலும்பு போட்ட வெல்வெட்' என்ற பொருளில் அழைத்துவிட்டுப் போகிறார்கள். ஜெர்மானியர்களோ ஒளிவுமறைவே இல்லாமல் 'மான்செஸ்டர்' என்று ஊர் பெயரைச் சொல்லியே துணியைக் கேட்டார்கள். சீமை ராஜா பெயரைச் சொன்னால் நாலு காசு கூட வைக்கலாம் என்ற யோசனை எந்த ஊர் வியாபாரிக்குத்தான் தோன்றாது?

உண்மையான ராஜாங்கம் துணியைக் கண்டுகொண்டது வேறு விதத்தில். இருபத்து நான்கு வயதில் பிரதமரானவர் இளைய பிட். அமெரிக்கச் சுதந்திரப் போரில் தோற்றதில் கஜானா காலி. 1784-இல் தொப்பிக்கு வரி, செங்கல்லுக்கு வரி, மெழுகுவர்த்திக்கு வரி என்று அடுக்கினார். வெளுத்த, சாயம் தோய்த்த பருத்தித் துணிக்கும் ஒரு வரி விழுந்தது. ஊர் அதை ஃபஸ்டியன் வரி என்று அழைத்தது. துணியிலேயே வரி இருக்கிறதே, மேலும் எதற்கு என்று பிட்டுக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆளில்லை.

மான்செஸ்டர் கொதித்தது. தாமஸ் வாக்கர் என்ற வியாபாரி தலைமையில் மனுக்கள் பறந்தன. வாக்கரும் தாமஸ் ரிச்சர்ட்சனும் லண்டன் போய்ச் சாட்சி சொன்னார்கள். 1785-இல் பிட் வரியை வாபஸ் வாங்கினார். இருவரும் ஊர் திரும்பியபோது மேளதாளம், ஊர்வலம், கோலாகலம். அன்று மான்செஸ்டரில் தாமஸ் வாக்கர்தான் சாமி.

சாமிக்கு அடுத்து ஒரு கெட்ட பழக்கம் வந்தது, மனசாட்சி. மான்செஸ்டருக்கு வந்த பருத்தியில் பெரும்பங்கு மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் பறித்தது. வரியை எதிர்த்த அதே வாக்கர், அடிமை வியாபாரத்தை எதிர்த்தும் கமிட்டி அமைத்துத் தலைமை தாங்கினார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்ட மனு ஒன்று மான்செஸ்டரிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனது. பருத்தியால் பிழைக்கும் ஊர் பருத்தியின் பாவத்தைப் பற்றி மனு கொடுத்தது பெரிய விஷயம்தான். அதோடு நிறுத்தாமல், எல்லோருக்கும் ஓட்டு, சீர்திருத்தம் என்றெல்லாம் வாக்கர் பேச ஆரம்பித்தார். 1792 டிசம்பரில் 'திருச்சபையும் அரசரும் வாழ்க' கோஷ்டி அவர் வீட்டைக் கல்லால் அடித்தது. துப்பாக்கியை வானத்தை நோக்கிச் சுட்டுத்தான் கூட்டத்தைக் கலைக்க வேண்டியிருந்தது. கல் எறிந்தவர்களை விட்டுவிட்டு, எறி வாங்கியவர்மீது அரசாங்கம் ராஜத்துரோகச் சதி வழக்குப் போட்டது. 1794-இல் முக்கியச் சாட்சியே பொய்ச் சாட்சி என்று வெட்டவெளிச்சமாகி அவர் விடுதலையானார். விடுதலையானபோது வியாபாரம் நொடித்துப் போயிருந்தது. வரியைக் குறைத்தவரை ஊர் தோளில் தூக்கும். ஓட்டுரிமை கேட்டவர்மீது கல்லைத் தூக்கும். ஊர்வலத்துக்கு வந்தவர்களும் கல்லெறிய வந்தவர்களும் எத்தனை பேர் ஒரே ஆட்கள் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கார்டுராய் முழுக்க முழுக்க உழைப்பாளி துணியாகிவிட்டது. வண்டிக்காரன், தோட்டக்காரன், ரயில்பாதை போடுகிறவன், மாடு மேய்க்கிறவன் எல்லோருக்கும் அதுதான். கிழியாது, அழுக்குத் தெரியாது, முள்ளுக்கு அசையாது. புதிதாக வாங்கினால் ஒரு வாடை வரும். நடந்தால் தொடையும் தொடையும் உரசிச் 'சரக் சரக்' என்று ஒரு சத்தம். திருடனுக்கு ஏற்ற உடை இல்லை. மேஸ்திரிக்குத் தெரியாமல் வேலை நேரத்தில் நழுவ நினைத்தவனுக்கும் ஏற்ற உடை இல்லை.

கார்டுராயும் ஃபஸ்டியன் குடும்பம்தான். ஃபஸ்டியன் சட்டை என்றாலே தொழிலாளி என்று ஆகிவிட்ட காலம் அது. தொழிலாளிக்கு ஓட்டுரிமை கேட்ட சாசன இயக்கத்தின் தலைவர் ஃபியர்கஸ் ஓ'கானர், தான் அயர்லாந்தின் பழைய ராஜவம்சத்தில் வந்தவன் என்று சொல்லிக்கொண்டவர். கூட்டத்தைத் திரட்டும் வித்தை தெரிந்தவர். அரசை நிந்தித்ததற்காக யார்க் சிறையில் இருந்துவிட்டு 1841 ஆகஸ்டில் வெளியே வந்தபோது, இதற்கென்றே மான்செஸ்டரில் நெய்த ஃபஸ்டியனில் தைத்த முழு சூட் போட்டுக்கொண்டு காட்சி கொடுத்தார். ராஜவம்சத்தான் ஏழைத்துணி போட்டால் அது தியாகம். ஏழை அதையே போட்டால் அது இன்னொரு சாதாரண நாள். கதர் போட்ட ஜமீன்தார்களைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டாம்.

அடுத்த வருஷம், 1842-இல், மான்செஸ்டருக்கு ஒரு ஜெர்மன் பணக்கார வீட்டுப் பிள்ளை வந்து இறங்கியது. அப்பா பங்குதாரராக இருந்த நூற்பாலையில் தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்று அனுப்பிவைத்தார்கள். பிள்ளை முதலாளித்துவத்துக்குக் குழிவெட்டும் தொழிலைக் கற்றுக்கொண்டது. பெயர் பிரெடரிக் எங்கெல்ஸ். இங்கிலாந்துத் தொழிலாளர் நிலையைப் பற்றி 1845-இல் அவர் எழுதிய புத்தகத்தில் ஃபஸ்டியனுக்கும் இடம் உண்டு. ஏழையின் உடம்பிலிருந்து கம்பளி மறைந்து பருத்தி வந்துவிட்டதையும், அந்த ஈரக் குளிரில் அது போதாது என்பதையும், தொழிலாளிக்கு ஃபஸ்டியன் சட்டை என்றே பெயர் விழுந்துவிட்டதையும் எழுதினார். சோழமண்டலத்துப் பருத்தியை உடுத்தினால் அபராதம் என்ற நாட்டில், நூறு வருஷத்துக்குப் பிறகு ஏழைக்குக் கம்பளி எட்டாக்கனி! எங்கெல்ஸ் பிற்பாடு செஷயர் கனவான்களோடு குதிரையேறி நரி வேட்டைக்கும் போய்வந்தார். அதற்கு ஃபஸ்டியன் போட்டுக்கொண்டு போனதாகத் தகவல் இல்லை.

யார்க்ஷயர் பக்கம் ஹெப்டன் பிரிட்ஜ் என்ற ஊர் இந்தத் துணியாலேயே வாழ்ந்தது. அங்கே 1870-இல் தொழிலாளர்களே பணம் போட்டு ஒரு ஃபஸ்டியன் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்து, ஆலையையே நடத்திக் காட்டினார்கள். அதே ஊரில் 1906-இல் கூலிக்காக நெசவாளர் வேலைநிறுத்தம் தொடங்கி இரண்டு வருஷம் போல இழுத்தது. பெண்கள் ஓட்டுரிமைக்குப் போராடிய எம்மெலின் பாங்க்ஹர்ஸ்ட் அம்மையார் நேரில் வந்து கூட்டத்தில் பேசினார். ஒரு காலத்தில் கவுனைக் கிழித்த நெசவாளர்களின் நாட்டில், இப்போது நெசவாளப் பெண்களே தெருவில் நின்று நியாயம் கேட்டார்கள். இந்த ஒரு இடத்தில் வரலாறு கொஞ்சம் முன்னேறியிருக்கிறது என்று ஒப்புக்கொள்ளலாம்.

கடல் தாண்டி அமெரிக்காவில் இந்தத் துணியின் பெயரைக் கொண்டுபோய்ச் சேற்றில் போட்டார்கள். சதுப்பு நிலத்தில் மரக்கட்டைகளைக் குறுக்கே வரிசையாக அடுக்கினால் அதற்குக் கார்டுராய் சாலை என்று பெயர். 1865-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஜெனரல் ஷெர்மன் கரோலினாச் சதுப்புகள் வழியே படையை இப்படித்தான் நடத்திக்கொண்டு போனார். அந்த வழியாகப் படையே வர முடியாது என்று நம்பியிருந்த எதிர்த்தரப்பு ஜெனரல் ஜான்ஸ்டன், ஜூலியஸ் சீசருக்குப் பிறகு இப்படி ஒரு படை இருந்ததில்லை என்று அசந்துபோனார். அந்தக் கட்டைகள்மேல் பொதிவண்டியில் உட்கார்ந்து போனவர்களின் முதுகெலும்பு என்ன சொன்னதோ!

கார்டுராய்க்கு அடுத்த யோகம் பெண்களால் வந்தது. உலகப் போர்களில் ஆண்கள் சண்டைக்குப் போய்விட, வயலில் உழ ஆளில்லை. பிரிட்டன் பெண்களைக் கொண்டு விவசாயப் படை திரட்டியது. முதல் போரில் அவர்களுக்குக் கால்சராய் கொடுக்கும்போதே கையேட்டில் ஒரு புத்திமதியும் வைத்தார்கள். ஆண் வேலை செய்கிறீர்கள், அதனால் ஆண் மாதிரி உடுத்தியிருக்கிறீர்கள், அதற்காக நடத்தையில் ஆங்கிலேயப் பெண் என்பதை மறந்துவிடாதீர்கள் என்கிற ரகம். இரண்டாம் போரில் பழுப்புக் கார்டுராய் பிரீச்சஸும் பச்சை ஸ்வெட்டரும் அந்தப் படையின் அடையாளமே ஆகிவிட்டன. சாணி அள்ளும் பெண்ணின் கால்சராயைப் பார்த்துக் கலாச்சாரம் பதறியது. அவள் விளைவித்த உருளைக்கிழங்கைச் சாப்பிடும்போது பதறவில்லை.

ஜெர்மனியில் இன்றும் கார்டுராயைப் பெருமையாகப் போடுகிறவர்கள் தேசாந்திரித் தச்சர்கள். தொழில் கற்று முடித்ததும் மூன்று வருஷமும் ஒரு நாளும் ஊர் ஊராகச் சுற்றி வேலை செய்ய வேண்டும். சொந்த ஊரைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் தலைகாட்டக் கூடாது. கறுப்புக் கார்டுராயில் பெல்பாட்டம். வெயிஸ்ட் கோட்டில் எட்டுப் பொத்தான், தினம் எட்டு மணி நேர வேலைக்கு. மேல்கோட்டில் ஆறு பொத்தான், வாரம் ஆறு நாள் வேலைக்கு. வேலை நேரச் சட்டத்தைச் சட்டையிலேயே தைத்துக்கொண்டவர்கள். வாரம் எழுபது மணி நேரம் உழைக்கச் சொல்லும் நம்மூர்ப் பெரியவர்கள் ஆளுக்கொரு சட்டை வாங்கிப் போட்டுப் பார்க்கலாம். பொத்தான் வைக்க இடம் போதாது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. வண்டிக்காரன் நல்ல பேண்ட் வாங்கத் தொடங்கியதும் பேராசிரியர் வண்டிக்காரன் துணிக்கு வந்து சேர்ந்தார். முழங்கையில் தோல் ஒட்டுப்போட்ட கார்டுராய் கோட் என்றால் அறிவாளி என்று அர்த்தமாயிற்று. ஒட்டுப்போட்ட சட்டை ஏழைக்கு அவமானம், பேராசிரியருக்குப் பதவி உயர்வு. எழுபதுகளில் அது பெல்பாட்டமாகி ஆடியது. சினிமா இயக்குநர் வெஸ் ஆண்டர்சன் கார்டுராய் சூட்டோடு சுற்றியதோடு நில்லாமல், 2009-இல் எடுத்த பொம்மைப் படத்தில் நரிக்கும் அதையே தைத்துப் போட்டார். எங்கெல்ஸ் துரத்திய நரிக்குக் கடைசியில் தொழிலாளி உடை கிடைத்துவிட்டது. நியூயார்க்கில் கார்டுராய் ரசிகர்கள் சங்கம் ஒன்று, தேதியை எழுதினால் வரி வரியாகத் தெரிகிறதே என்று நவம்பர் 11-இல் கூடியது. 2011-இன் 11-11-11 அவர்களுக்கு மகாமகம்.

எண்பதுகளில் நம்மூருக்கும் கார்டுராய் பேண்ட் வந்தது. லங்காஷயர் குளிருக்கே போதாது என்று எங்கெல்ஸ் வருத்தப்பட்ட துணியை நாம் அக்கினி நட்சத்திரத்தில் போட்டுக்கொண்டு பஸ் ஃபுட்போர்டில் தொங்கினோம். கல்லூரி வாசலில் கார்டு பேண்ட் போட்டவன் தனி ஜாதி. வியர்வை கெண்டைக்காலில் ஓடினாலும் முகத்தில் சிரிப்பு மாறாது.

அந்தத் துணியிடம் நம் டெய்லர்கள் பட்ட பாடும் டெய்லர்களிடம் அந்தத் துணி பட்ட பாடும் தனிப் பரணி. கார்டுராயின் பூவுக்குத் திசை உண்டு. மேலிருந்து கீழே தடவினால் வழவழப்பு, கீழிருந்து மேலே தடவினால் சொரசொரப்பு. வெளிச்சம் படுவதும் அதற்குத் தக்கபடி மாறும். ஆகவே பேண்டின் எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வைத்து வெட்ட வேண்டும். அப்படி வெட்டினால் துணி கூடுதலாகப் பிடிக்கும். நம் மாஸ்டரோ பிட்டில் மிச்சம் பிடித்தே வீடு கட்டியவர். ஒரு காலை நேராகவும் இன்னொரு காலைத் தலைகீழாகவும் போட்டுக் கத்தரிக்கோலை விட்டுவிடுவார்.

"என்ன மாஸ்டர், ஒரு கால் வெளுப்பா இருக்கு, ஒரு கால் கறுப்பா இருக்கே?"

"ரெண்டு தண்ணி போனா ஒண்ணாயிடும் தம்பி."

"ரெண்டும் வேற வேற துணி மாதிரியில்ல தெரியுது?"

"நீ நடந்துக்கிட்டே இருந்தா யாருக்குப்பா தெரியப்போகுது?"

மிச்சத்தை இஸ்திரி வண்டி பார்த்துக்கொள்ளும். கரிப்பெட்டியை நல்ல சூட்டில் வெளிப்பக்கமே வைத்து அழுத்தினால், கத்திபிடித்து மைல் கணக்கில் நடந்து எழுப்பிய அத்தனை வரியும் ஒரே இழுப்பில் படுத்துவிடும். ஆறு மாதத்தில் முழங்காலிலும் உட்காரும் இடத்திலும் பூ உதிர்ந்து, பள்ளம் எது மேடு எது என்று தெரியாத சமத்துவம் வந்துவிடும்.

ஆக, கார்டுராயின் ஜாதகத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான். நம் கரையின் துணியைத் தடை செய்த சட்டத்தின் சந்தில் அதன் தகப்பன் தப்பிப் பிழைத்தான். அடிமை பறித்த பருத்தியில் உருவாகி, குழந்தைகள் நடந்த நடையில் வரி எழுந்து, கூலிக்காரன் காலில் தேய்ந்து, கடைசியில் பேராசிரியர் தோளில் ஏறிக்கொண்டது. துணி மாறவே இல்லை. போட்டவன் மாறியபோதெல்லாம் அதன் மரியாதை மட்டும் ஏறி இறங்கியது. எந்தத் துணிக்கும் சொந்தமாக அந்தஸ்து கிடையாது. போட்டிருப்பவனின் பாக்கெட் கனத்தைப் பார்த்துத்தான் உலகம் துணிக்கு மார்க் போடுகிறது.

நீங்கள் கார்டுராய் வாங்கப் போகிறீர்களா? கடைக்காரர் பிரெஞ்சு ராஜா கதையை எடுத்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். அங்குலத்துக்கு எத்தனை வரி என்று பாருங்கள். இருபது பக்கம் இருந்தால் சன்னம், கவுனுக்கும் குழந்தைகள் சட்டைக்கும் ஆகும். பதினொன்று இருந்தால் பேண்டுக்குச் சரி. நாலைந்துதான் இருக்கிறது என்றால் அதைச் சோபாவுக்கு விட்டுவிடுங்கள். எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வெட்டும்படி மாஸ்டரிடம் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். துவைத்தால் உள்பக்கம் திருப்பிப் போட்டே இஸ்திரி. மார்கழியில் தாராளமாகப் போடலாம். சித்திரையில் போடுவதாக இருந்தால் வேட்டிக்கு மாறிவிடுவது உத்தமம்.